பின் சீட்டிலிருந்து ‘விடு’ என்று கத்தாதீர்கள்

பின் சீட்டில் உட்காருகிறவருக்கு வாய் இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அதற்கு வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. அதனால்தான், பறக்கச் சொல்லிக்கொடுக்கும் உரிமத்தைப் புத்தம் புதிதாக வாங்கிக்கொண்டு, சட்டைப் பையில் கறுப்புக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு வந்து நிற்கும் உங்களைப் பார்த்தவுடன் உட்கார வைத்துப் பேசத் தோன்றுகிறது. டீ சொல்லியிருக்கிறேன். வரும்வரை கேளுங்கள். வந்த பிறகும் கேளுங்கள்.

இறங்கும் வேகம், கோணம், அளவுக் கருவிகள் இதெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதைப் புத்தகம் என்னைவிட நன்றாகச் சொல்லும், நடுவில் இருமவும் செய்யாது. நான் சொல்லப் போவது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல் எங்கள் மஞ்சள் விமானத்தை இரண்டு முறை பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் அனுப்பியது. நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவனைக் கிட்டத்தட்ட வீட்டுக்கே அனுப்பியிருக்கும்.

நான் மலை மேலே, சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் பிறந்தவள். மேகத்துக்குள் நடந்துதான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். விமானம் ஓட்டப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் திடுக்கிடவில்லை. “மேகத்துக்குள்ளதான போவ? இங்கயும் அதான. ஸ்வெட்டர எடுத்துக்க” என்றார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த போராட்டம்.

மலையிலிருந்து இறங்கி நான் வேலைக்கு வந்த இடம் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோபாலபுரம் பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பயிற்சித் திடல். மலைத்தொடர் அங்கே நடுவில் விலகி வழி விட்டிருக்கிறது அல்லவா, அந்த இடைவெளியில் காற்று வரும் பாருங்கள், அதற்கு வேறு வேலை வெட்டி கிடையாது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே செக்போஸ்டில் நிற்காமல் போய்வரும் ஒரே ஆசாமி அதுதான். எந்தப் புண்ணியவானோ எங்கள் ஓடுபாதையை அந்தக் காற்றுக்குக் குறுக்கே போட்டிருந்தார். நிலம் அப்படித்தான் அமைந்ததாம்.

எங்களிடம் இருந்தது வால் சக்கர விமானம். முன்னால் இரண்டு சக்கரம், வாலின் அடியில் ஒரு பொடிச் சக்கரம். மாணவர் முன் சீட்டில், நாம் பின் சீட்டில். விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கும், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலும் இரண்டு சீட்டிலும் உண்டு, ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். சைக்கிளைப் பின்பக்கமாக உருட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கொஞ்ச தூரம் நேராக வரும், பிறகு திடீரென்று முன் சக்கரம் திரும்பிக்கொண்டு காலை வாரும். இதுவும் அந்த ஜாதிதான். தரையில் இறங்கி ஓடும்போது மூக்கு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால், ‘நீ போகாவிட்டால் நான் முன்னே போகிறேன்’ என்று வால் சுற்றிக்கொண்டு வரும். காலால் பெடலை மிதித்து அதை உடனே நேராக்க வேண்டும். புதியவர்கள் தாமதமாக மிதிப்பார்கள், அல்லது பயந்துபோய் இரண்டு மடங்கு மிதிப்பார்கள். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். இறக்கை தரையைத் தேய்க்கும்.

எங்கள் தலைமைப் பயிற்றுநரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எப்படியும் அவர் காதுக்குப் போகும், பிழை திருத்தி அனுப்புவார். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். எனக்கும் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் முதன்முதலில் தரையில் குதித்துக் குதித்து இறங்கிய அன்று அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “ஒரு தடவை எறங்கினாப் போறும். நீ இன்னிக்கு நாலு தடவை எறங்கியிருக்காய். மிச்சத்தை நாளைக்கு வச்சுக்கோ” என்றார். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் அது திட்டு என்று தெரிந்துகொள்வார்கள்.

அங்கேதான் கதிர்வேல் வந்து சேர்ந்தான். கோபாலபுரம் பக்கம் தென்னையும் நெல்லுமாக நிலம் வைத்திருந்த குடும்பம். காலேஜ் படிப்பை முடித்துவிட்டு ரேக்ளா பந்தயத்தில் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் அண்ணாந்து பார்த்து, மாடு இல்லாமலும் வேகமாகப் போகலாம் போலிருக்கிறதே என்று தோன்றியதாம். நேராக வந்து சேர்ந்துவிட்டான். மேலே அவன் ஓட்டினால் விமானம் தாலாட்டுகிற மாதிரி இருக்கும். வம்பெல்லாம் இறங்கும்போதுதான்.

முதல் முறை அவனோடு பின் சீட்டில் இருந்தது உங்களைப் போல ஓர் இளம் பயிற்றுநர். நல்லவர், படித்தவர், தொண்டை பெரியது. இறங்கி ஓடும்போது காற்று பக்கவாட்டில் தள்ளியது. மூக்கு சாய்ந்தது. அடுத்த கணம் எஞ்சின் முழுச் சத்தத்தில் உறுமியது. ஓடுபாதையை விட்டு விலகிய விமானம் வேலியைப் பிய்த்துக்கொண்டு பக்கத்துத் தோப்புக்குள் பாய்ந்து, இரண்டு தென்னைகளுக்கு நடுவில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஓர் இறக்கை நுனிதான் நசுங்கியது.

“பதறிப்போய் ஃபுல் பவர் கொடுத்துட்டான் சார். த்ராட்டில நான் பின்னுக்கு இழுக்கறேன், அவன் கை அசையவே மாட்டேங்குது” என்றார் இளம் பயிற்றுநர். மாட்டுக் கயிறு பிடித்துப் பழகிய கை எப்படி அசையும்?

தலைமைப் பயிற்றுநர் கதிர்வேலைப் பார்த்தார். “நீ என்னடா பண்ணினாய்?”

“சொன்னதத்தானுங்க செஞ்சேன்” என்றான் கதிர்வேல்.

இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும்தான். ஒரு மனிதன் உள்ளதை உள்ளபடி சொன்னால் அதற்குத் திமிர் என்று பெயர் வைப்பது நம் தொழிலில் பழைய வழக்கம்.

விமானத்தைச் சரிசெய்தார்கள். அடுத்து வேறொரு பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்தார். அதே காற்று, அதே உறுமல், அதே தோப்பு. இந்த முறை செக்போஸ்ட் பக்கத்து டீக்கடை ஆட்கள் செல்போனோடு ஓடி வந்துவிட்டார்கள். தென்னைகளுக்கு நடுவே மஞ்சள் வால் நீட்டிக்கொண்டிருக்கும் வீடியோவுக்குக் கல்யாண மேளம் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். அன்றிலிருந்து கதிர்வேலுக்குத் ‘தோப்பு பைலட்’ என்று பெயர். டீ குடிக்கப் போனால், “இன்னைக்குத் தேங்கா எத்தனைங்க பறிச்சீங்க?” என்று கேட்பார்களாம். அவன் டீ குடிப்பதையே விட்டுவிட்டான்.

தோப்புக்காரர் இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அன்று கதிர்வேல் பறக்கிறானா என்று காலையிலேயே கேட்டுக்கொள்வார். பறக்கிற நாளில் வேலியில் கட்டியிருந்த மூங்கில் படலைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

“எப்படியும் வரத்தானுங்க போறாரு. வர்றவங்களுக்கு வழிய அடச்சு வெக்கறது நல்லாங்களா இருக்கும்?” என்றார்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் விமானத்தின் சொந்தக்காரர் சிரிக்கவில்லை. மலை மேல் மாட்டுப்பட்டிப் பக்கம் ரிசார்ட் வைத்திருந்த ஒருவர் அந்த விமானத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். புல்வெளியில் நிறுத்தி, இறக்கையில் சீரியல் பல்பு தொங்கவிட்டு, தேனிலவுக்கு வருகிறவர்களை உள்ளே உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். “இன்னொரு தடவ தோப்புக்குள்ள போச்சுன்னா மலைக்கு ஏத்தி அனுப்பிருவேன்” என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். விமானத்தைக் காப்பாற்ற எல்லாருக்கும் தெரிந்த சுலபமான வழி கதிர்வேலை நிறுத்திவிடுவதுதான்.

தலைமைப் பயிற்றுநர் என்னைக் கூப்பிட்டார். “கொஞ்ச நாள் நீ பின்னாடி உக்காரு. அப்பறம் நான் ஒரு தடவை ஏறிப் பாக்கறேன். சரிப்படல்லேன்னா ஆத்துக்கு அனுப்பிடலாம். அவனுக்கு பயமாக்கும். பயத்துக்கு மருந்து கிடையாது.”

இந்த இடத்தில் ஏலக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரபுரத்திலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டாமலிருக்க வாயில் ஓர் ஏலக்காயை ஒதுக்கிக்கொள்வது எங்கள் ஊர்ப் பழக்கம். மாணவர்கள் விமானத்தைத் தரைக்கு இறக்கும்போது எனக்கு அதே வளைவுகள் நினைவுக்கு வரும். அதனால் விமானத்திலும் அப்படியே. கன்னத்தில் ஏலக்காய் இருக்கும்போது பேச வராது. பேசினால் தொண்டைக்குள் போய்விடும். இதைப் பிறகு சிலர் ‘மௌனப் பயிற்சி முறை’ என்றெல்லாம் பெருமையாகச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

என்னோடு வந்த கதிர்வேல் நன்றாக இறக்கினான். காற்று தள்ளினால் காலால் சரிசெய்தான். கொஞ்சம் வளைந்தான், கொஞ்சம் குதித்தான், ஆனால் தோப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படலைக் கழற்றி வைத்துக் காத்திருந்த தோப்புக்காரர் சாயங்காலம் பெருமூச்சோடு திரும்பக் கட்டிவிட்டுப் போவார். எல்லாம் என் கைராசி என்று நான் கொஞ்ச நாள் தலையை நிமிர்த்தி நடந்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. பயந்தவன் என்னோடு மட்டும் எப்படிப் பயப்படாமல் இருப்பான்? என்னைப் பார்த்தால்தான் முதலில் பயம் வர வேண்டும்.

ஒருநாள் பொள்ளாச்சியில் எனக்கு வேலை இருந்தது. கதிர்வேல் தன் ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். தரையில்தானே, ஏலக்காய் எதற்கு என்று நான் வாயைச் சும்மா விட்டுவிட்டேன். கோபாலபுரம் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி, தேங்காய் மட்டையை வானம் மறைக்கிற உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு ஆடி ஆடிப் போனது. கதிர்வேல் அதைத் தாண்டப் பார்த்து வெளியே எட்டினான். எதிர் வளைவில் பஸ் வந்துகொண்டிருந்தது.

“விடு, விடு” என்றேன். லாரியை விட்டுத் தொலை, போகட்டும் என்ற அர்த்தத்தில்.

ஜீப் சீறியது. லாரியின் மட்டை ஒரு பக்கம் என் தோளைத் தடவ, பஸ்ஸின் ஹாரன் மறுபக்கம் காதைக் கிழிக்க, இரண்டுக்கும் நடுவே ஊசியில் நூல் கோத்த மாதிரி நுழைந்து வெளியே வந்தோம். என் உயிர் மட்டும் கோபாலபுரத்திலேயே இறங்கிக்கொண்டது. கதிர்வேலின் முகத்தில் பெரிய காரியம் ஒன்றை முடித்த திருப்தி.

“ஏம்ப்பா, கூறு இருக்கா ஒனக்கு? விடுன்னுதான சொன்னேன்?”

“ஆமாங்க மேடம். உட்டேனுங்களே.”

“லாரிய விடுன்னேன்ப்பா. அது போகட்டும்னு.”

“அட, அப்படிங்களா? அதுக்குப் ‘போகட்டும்’னு சொல்லோணுமுங்க. உடுன்னா வண்டிய உடறதுதானுங்க. ரேக்ளாவுல கொடி எறங்குனதும் எல்லாரும் கத்தறது அதுதானுங்களே. உடு, உடுன்னு. அது காதுல உளுந்தா கை தானாப் போயிருமுங்க.”

ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினான். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது.

“கதிர்வேலு, தோப்புக்குள்ள போனீகளே, அப்ப பின்னாடி இருந்த சார் என்ன கத்துனாரு?”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். “‘விடுங்க, விடுங்க’ன்னாருங்க.”

“ரெண்டாவது தடவ?”

“அந்த சாரும் அதேதானுங்க. நானும் முடிஞ்ச வரைக்கும் நல்லாத்தானுங்க உட்டேன்.”

“எல்லாத்தையும் எங்கிட்ட விட்டுட்டுக் கைய எடுன்னுல்லப்பா அவுக சொல்லியிருக்காக. இத ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?”

“அன்னைக்கே சொன்னேனுங்களே. சொன்னதத்தானுங்க செஞ்சேன்னு.”

சாலையோரத்தில் இறங்கி உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்று தண்ணீர் மட்டும் வந்தது. எத்தனை பேரை நாம் ‘பயந்தாங்கொள்ளி’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்போம்? அவர்களில் எத்தனை பேர் நம் சொல்லை மட்டும் அப்படியே கேட்டவர்களாக இருந்திருப்பார்கள்? பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஏலக்காயும் கையில் இல்லை.

மறுநாள் தலைமைப் பயிற்றுநரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதுக்காக்கும் இங்கிலீஷ்ல சொல்லணும்கறது. ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்.’ மூணு வார்த்தை. லோகம் பூராவும் அதான். இவா ரெண்டு பேரும் என்னத்துக்குத் தமிழ்ல கத்தினா?”

“பதட்டத்துல மூணு வார்த்தைக்கு எங்க சார் நேரம்? வாய்ல எது மொதல்ல வருதோ அதுதான் வரும்.”

“நேக்கு வராது. இத்தனை வருஷம் பறந்தாச்சு. நான் சொப்பனத்துல கத்தினாலும் ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’னுதான் கத்துவேன்.”

“பந்தயம் வச்சுக்கலாமா சார்?”

அவருக்குப் பந்தயம் பிடிக்காது, ஆனால் தோற்பது அதைவிடப் பிடிக்காது. தோற்றவர் விமானத்தை முழுக்கத் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். “ஆனா ஒண்ணு, கேட்டுக்கோ. நாளைக்கு நான் ஏறறேன். அவன் பொறுப்பா நடந்துண்டா சரி. தோப்புப் பக்கம் போனா அத்தோட முடிஞ்சது. விமானமும் போயிடும், அவனும் போயிடுவான். வார்த்தை மேல பழியைப் போட்டு நீ வக்காலத்து வாங்கப்படாது” என்றார். அதில் விளையாட்டு இல்லை.

கதிர்வேலிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் சுண்டிப் போனது. “நாளைக்குங்களா?” என்று மட்டும் கேட்டான்.

இரண்டு பேரும் உட்கார்ந்து வேறு சொல் தேடினோம். ‘கையெடு’ என்றால் என்ன செய்வாய் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினான். அந்த நேரத்தில் அதுவும் பொருத்தம்தான், ஆனாலும் வேண்டாம் என்று தள்ளினேன். இங்கிலீஷ் மூன்று வார்த்தையே இருக்கட்டும் என்று முடிவானது. எனக்கு மனம் ஆறவில்லை.

“அப்படியும் சார் ‘விடு’ன்னு கத்திட்டா என்ன பண்ணுவ?”

“யோசிப்பேனுங்க.”

“யோசிக்க எங்கப்பா நேரம் இருக்கும்?”

“அப்ப இன்னைக்கே யோசிச்சு வெச்சுக்கறேனுங்க” என்றான்.

நான் சொல்லிக்கொடுத்து வந்த வருடங்களில் எந்த மாணவரும் இவ்வளவு நல்ல பதிலைச் சொன்னதில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஏதோ சமாளிக்கிறான் என்று நினைத்தேன்.

மறுநாள் காற்று எங்களுக்காகவே ஏற்பாடு செய்த மாதிரி வீசியது. நான் காற்றுத் திசை காட்டும் துணிக் கம்பத்தின் பக்கத்தில் நின்றேன். தோப்புக்காரர் படலைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கதிர்வேல் முன்னால், தலைமைப் பயிற்றுநர் பின்னால். முதலில் இறங்கியது நன்றாக இருந்தது. திரும்ப ஏறிப் போய்ச் சுற்றி வந்தார்கள். அடுத்ததும் நன்றாகத்தான் தொடங்கியது. சக்கரம் தரையைத் தொடப் போகும் நேரத்தில் காற்று ஒரு பக்கத்து இறக்கையின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கியது. விமானம் தரையில் மோதி, தென்னையில் பாதி உயரத்துக்கு எகிறி, மூக்கைத் தூக்கிக்கொண்டு தோப்புப் பக்கமாக நழுவியது. முன்னால் ஓடுபாதை அதிகம் மிச்சமில்லை. உறுமல் கேட்டது. முழுச் சத்தம்.

“வந்துருச்சுங்க” என்று சொல்லித் தோப்புக்காரர் மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

இதோ போய்விட்டது, இரண்டு பேரும், விமானமும், அவன் பெயரும் என்று நினைத்தேன். மஞ்சள் விமானம் மூக்கைத் தாழ்த்தியது. வேகம் பிடித்தது. இறக்கைகள் சமமாயின. தென்னங் கீற்றுகளை ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்க வைத்துவிட்டு, மேலே போய்விட்டது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கோபமாகப் போன மருமகள் சாயங்காலம் தானாகத் திரும்பி வந்த மாதிரி அமைதியாக இறங்கி ஓடி நின்றது.

தலைமைப் பயிற்றுநர் இறங்கினார். என்னைப் பார்க்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போனார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு பக்கெட்டில் தண்ணீர் பிடித்தார். அதைப் பார்த்ததும் உள்ளே என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் இல்லையா?

“என்ன சார் கத்துனீக?”

“விடுடான்னு கத்தினேன்.” விமானத்தின் வயிற்றைத் தேய்த்தார். “போறுமா? திருப்தியா நோக்கு?”

கதிர்வேல் மறுபக்கம் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவர் துணியைப் பிழிந்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். “நான் விடுடான்னேன். நீ ஸ்டிக்கை விட்டாய். அது சரி. த்ராட்டிலை என்னத்துக்குடா தள்ளினாய்? நான் பவர் குடுக்கணும்னு நினைக்கறேன், அதுக்குள்ள அது குடுத்தாச்சு.”

“ஸ்டிக்கையும் உட்டேனுங்க, வண்டியையும் உட்டேனுங்க. ரெண்டும் உடறதுதானுங்களே.”

“விளையாடாதே. காது கேட்டுக் கை போச்சா, இல்லே நீயா பண்ணினாயா?”

கதிர்வேல் குவளையைக் கீழே வைத்தான். “நேத்தே யோசிச்சு வெச்சுட்டேனுங்க சார். தரையில ஓடறப்ப கத்துனீங்கன்னா, ஸ்டிக்க மட்டும் உட்டுட்டு பவரக் கொறைக்கறதுன்னு. எகிறி மேல இருக்கறப்ப, முன்னாடி பாதை இல்லாதப்ப கத்துனீங்கன்னா, ஸ்டிக்க உங்ககிட்ட உட்டுட்டு வண்டியவும் உடறதுன்னு. அப்பத் திரும்ப மேல ஏற உங்களுக்கு ரெண்டுந்தானுங்க வேணும்? வாயில ஒண்ணுதான் வரும்.”

தலைமைப் பயிற்றுநர் கொஞ்ச நேரம் இறக்கையையே தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தையே தேய்த்தார். பிறகு துணியைப் பக்கெட்டில் போட்டார்.

“நாளைக்குக் காலம்பற நீ தனியாப் போ.”

கதிர்வேலுக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. “ஏனுங்க?” என்றான்.

“பின்னாடி உக்காந்து கத்தறவன் இல்லாமப் போய்ப் பாருங்கறேன். அதான் நோக்கு நல்லது. விமானத்துக்கும் நல்லது.”

மறுநாள் காலை தோப்புக்காரர் படலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். “கட்டட்டுங்களா, கழட்டியே வெச்சுக்கட்டுங்களா?” என்று கேட்டார். நான் தலைமைப் பயிற்றுநரைப் பார்த்தேன்.

“கட்டுங்கோ” என்றார் அவர்.

தோப்புக்காரர் கட்டினார். கதிர்வேல் தனியாக ஏறினான். முதல் முறை தனியாகப் போகும் ஒருவரைக் கீழே நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சீக்கிரமே தெரியப் போகிறது. அவர்கள் ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்க வருவார்கள் பாருங்கள், அப்போதுதான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் எவ்வளவு சுகமான காலம் என்று தெரியும். அங்கே கத்தவாவது முடியும்.

அவன் இறங்க வந்தான். காற்றுத் துணி ஒரு தரம் படபடத்தது. பக்கத்தில் நின்ற தலைமைப் பயிற்றுநரைப் பார்த்தேன். வெறும் புல்லில் இரண்டு காலாலும் இல்லாத பெடலை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு. காதைக் கொடுத்துக் கேட்டேன்.

“விடு. விடு. விடு.”

“யாருக்குச் சொல்றீக சார்?”

“நேக்குத்தான்” என்றார்.

நான் பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து நீட்டினேன். மறுபேச்சில்லாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். மஞ்சள் விமானம் தரையைத் தொட்டது. மூக்கு ஒரு விரற்கடை சாய்ந்தது, நேரானது. பாதை நடுவிலேயே ஓடி நின்றது. அவர் அப்போதுதான் ஏலக்காயைக் கடித்தார்.

கதிர்வேல் இறங்கி எங்களிடம்கூட வரவில்லை. நேராக டீக்கடைக்குப் போய்விட்டான்.

இதோ நம் டீயும் வந்துவிட்டது. மணம் இல்லையே என்று பார்க்காதீர்கள், ஏலக்காயைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னது நான்தான். இந்தாருங்கள், ஆளுக்கு ஒன்று. இப்போது சாப்பிட்டுவிடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினால் இடம் இருக்கும்.